ஏழாம் மாடிக்கு நூற்று அறுபத்திரண்டு படிகள்

அந்தக் கட்டடத்தில் வேலை பார்த்த ஆறு வருடத்தில் படிக்காரி ஒரு நாள்கூட லிஃப்டில் ஏறியதில்லை. குப்பை வாளியை மட்டும் லிஃப்டுக்குள் வைத்துப் பொத்தானை அழுத்திவிட்டு, அவள் படி வழியாக ஓடி மேலே போய் அதை வாங்கிக்கொள்வாள். எவ்வளவு ஓடினாலும் வாளிதான் முதலில் போய்ச் சேரும். லிஃப்டுக்குள் தன்னந்தனியாக நிற்கும் வாளியைப் பார்த்துவிட்டு யாராவது ஒருவர் கத்துவார். இவள் மூச்சு வாங்க வந்து நின்று மன்னிப்புக் கேட்பாள்.

ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. படிகளைப் பெருக்கித் துடைப்பதுதான் வேலை என்பதால் படிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. பயந்த சுபாவம். இடிக்குப் பயம், தொலைபேசி மணிக்குப் பயம், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளருக்கு எல்லாவற்றையும்விடப் பயம். ஆனால் பெரிய பயம் உயரம்தான். அவளுடைய கணவன் கட்டடங்களின் வெளிச்சுவருக்குக் கயிற்றில் தொங்கியபடி வண்ணம் அடித்தவன். ஒரு நாள் கயிறு நழுவி ஒரு மாடி உயரத்திலிருந்து விழுந்தான். உயிர் போகவில்லை, இடுப்பு போயிற்று. இப்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து சீட்டுக் கொடுக்கிறான்.

எங்கள் படிக்கட்டில் ஒவ்வொரு திருப்பத்திலும் கடலைப் பார்த்த ஜன்னல் உண்டு. அவள் அந்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பெருக்குவாள். "உயரத்தைக் கண்டா இப்படி நடுங்குறவ ஏன்டி இந்த வேலைக்கு வந்த?" என்று ஒருமுறை கேட்டேன்.

"படி உயரமே இல்லக்கா. ஒரு படி ஒரு சாண்தான். ஒண்ணொண்ணா எண்ணிக்கிட்டே ஏறினா ஒண்ணும் தெரியாது. ஜன்னலைப் பார்த்தாதான் உயரம்."

ஆகவே எண்ணுவாள். சத்தமாகவே எண்ணுவாள். திருப்பம் வரை ஒன்பது, மாடிக்குப் பதினெட்டு, சாலையிலிருந்து உச்சி வரை நூற்று அறுபத்திரண்டு. காவலாளி அவளை அந்த எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார். "என்ன நூத்தறுபத்திரெண்டு, இன்னிக்கு ஏதாவது ஒண்ணு குறைஞ்சுதா?" என்பார். "குறைஞ்சா உங்ககிட்டதாண்ணே கேப்பேன், நீங்கதானே காவல்" என்று இவள் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். வீட்டில் நாத்தனார் விடமாட்டாளாம். "எங்க அண்ணன் கயித்துல தொங்கினாரு, அண்ணி துடைப்பத்துல தொங்குறாங்க" என்று தெருவே கேட்கும்படி சொல்வாளாம். இதை என்னிடம் சொல்லும்போது அவளே சிரித்துவிடுவாள்.

நான் அந்தக் கட்டடத்துக்குப் போனது கேப்டனைப் பார்த்துக்கொள்ள. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு வழிகாட்டி உள்ளே கொண்டுவந்து நிறுத்தியவர். பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "போதும்." கஞ்சி வேண்டும் என்றாலும் போதும், ஜன்னலைத் திற என்றாலும் போதும், என் மேல் கோபம் என்றாலும் போதும். தொனியை வைத்து நான் புரிந்துகொள்வேன். எழுபத்தெட்டு கிலோ. வீடு ஏழாம் மாடி. அதுதான் உச்சி மாடி.

பராமரிப்புப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், நோயாளியின் வீட்டுக்குள் நுழைந்ததும் வெளியேறும் வழியைப் பார் என்பது. நடக்க முடியாத ஆள், உச்சி மாடி. தீ வந்தால் லிஃப்ட் நிற்கும். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, உங்கள் ஏணி எத்தனை மாடி வரை எட்டும் என்று கேட்டேன். "ஏழு மாடி தாராளமா எட்டும்மா. அதுக்கு மேல இந்த ஊர்ல கட்டவே விடமாட்டாங்க" என்றார் ஒருவர். அது உண்மைதான். ஊரில் இருப்பது ஒரே ஏணி வண்டி. அது எட்டும் உயரம்தான் கட்டடங்களுக்கு வரம்பு. தரைக்கு மேல் ஏழு மாடி. எனக்கு நிம்மதி. ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினேன்: தீ வந்தால் கதவை மூடு, ஈரத் துண்டை அடியில் செருகு, கேப்டனைப் பால்கனிக்குக் கொண்டுபோ, ஏணிக்குக் காத்திரு.

ஒரு நாள் தண்ணீர் கேட்டு உள்ளே வந்த படிக்காரி அந்தத் தாளை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"அக்கா, இது தப்பு."

"எது?"

"ஏணி ஏழுதானே எட்டும்? நாம ஒன்பதுல இருக்கோம்."

"ஏழுன்னு லிஃப்ட்லயே போட்டிருக்கே."

"லிஃப்ட் சொல்லும். அது எண்ணுச்சா? நான்தான் எண்ணுறேன். ரோட்டுல இருந்து பதினெட்டு படி ஏறினா கார் நிக்கிற அடுக்கு ஒண்ணு தாண்டும். இன்னும் பதினெட்டு ஏறி அடுத்த அடுக்கையும் தாண்டினாதான் நீங்க தரைத்தளம்னு சொல்றது வருது. அதுக்கு மேல ஏழு. மொத்தம் ஒன்பது."

அப்போதுதான் யோசித்தேன். நாங்கள் எல்லோரும் முன்பக்கச் சரிவுப் பாதையில் காரிலோ ஆட்டோவிலோ ஏறி, பளிங்கு பதித்த வாசலில் இறங்குகிறவர்கள். அதுவே தரை என்று நினைத்துக்கொண்டோம். கட்டியவர் முன்னால் சரிவை எழுப்பி, அடியில் இரண்டு அடுக்கு வாகன நிறுத்தத்தை வைத்து, அதற்கு மேல் இருப்பதற்குத் தரைத்தளம் என்று பெயர் வைத்துவிட்டார். அங்கிருந்து ஏழு மாடி எண்ணி அனுமதியும் வாங்கிவிட்டார். சரிவின் அடிவாரத்தில் ஒரு பலகை உண்டு: கனரக வாகனங்கள் ஏறக் கூடாது. அடியில் வெற்றிடம், தாங்காது. தீயணைப்பு வண்டி வந்தால் பின்பக்கச் சாலையில்தான் நிற்க வேண்டும். அந்தச் சாலையிலிருந்து ஒன்பது மாடி.

அவள் போனதும் பால்கனியில் நின்று குனிந்து பார்த்தேன். எங்களுக்குக் கீழே ஆறு பால்கனிகள். அப்புறம் தரைத்தளத்துக் கூடத்தின் கண்ணாடி. அதற்கும் கீழே இரண்டு வரிசை இருண்ட கம்பிகள். அதற்குக் கீழே சாலை.

மறுநாள் செயலாளரைப் பிடித்தேன். ஐந்தாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற அதிகாரி. "யாரு, துடைப்பம் போடுற அம்மா சொன்னாங்களா?" என்று சிரித்தார். "சட்டப்படி தரைத்தளத்துல இருந்துதான் அளவு. கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கு. நீங்க உங்க பேஷண்டைப் பாருங்க சிஸ்டர்."

கையெழுத்தும் முத்திரையும் ஏணியை நீட்டாது என்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தாளையும் மாற்றவில்லை. மாற்றி என்ன எழுதுவது? எழுபத்தெட்டு கிலோ மனிதரை, அறுபத்தாறு வயதுக் கிழவி, தேய்ந்த முழங்காலோடு நூற்று அறுபத்திரண்டு படி இறக்குவாள் என்றா? ஏழு என்று எழுதியிருப்பதைப் பார்ப்பதே சுலபமாக இருந்தது. ஆனால் அதற்கப்புறம் பக்கத்து வீட்டில் ரொட்டி கருகினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் கேப்டனைக் குளிப்பாட்டும்போதுகூட மூக்கு கதவுப் பக்கமே இருந்தது.

படிக்காரியும் அதே பயத்தில்தான் இருந்தாள். அவளுக்கு என்னைவிட அதிகம் தெரியும் என்பதால் பயமும் அதிகம். படிக்கட்டுக்குப் போகும் கதவுகளைக் காற்று வரட்டும் என்று ஒவ்வொரு மாடியிலும் செங்கல் வைத்துத் திறந்து போட்டிருப்பார்கள். அவள் செங்கலை எடுத்துவிடுவாள், அவர்கள் திரும்ப வைப்பார்கள். ஐந்தாம் மாடித் திருப்பத்தில் செயலாளர் தன் பழைய இரும்பு பீரோவை நிறுத்தி வைத்திருந்தார்.

"சார், அது வழியை அடைக்குது சார்," என்று ஒரு தடவை, அழாத குறையாகச் சொன்னாளாம்.

"உன் தலை மேலயா வெச்சிருக்கேன்? ஓரமாத்தானே இருக்கு. சுத்திப் பெருக்கு."

அவள் அதன் பின்னாலும் துடைப்பத்தை விட்டுப் பெருக்கினாள். வேறென்ன செய்வாள்?

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். நான் கேப்டனுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது. மின்சாரம் போவது புதிதல்ல. ஆனால் ரப்பர் கருகும் வாடை வந்தது. கதவைத் திறந்தேன். லிஃப்ட் கதவின் இடுக்கிலிருந்து கறுப்புப் புகை, கெட்டில் மூக்கிலிருந்து வருவதுபோல அழுத்தத்தோடு வந்துகொண்டிருந்தது. அடியில் வாகன நிறுத்தத்தில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர்களின் பேட்டரி வெடித்ததாகப் பிறகு தெரிந்தது.

கதவை மூடினேன். துண்டை நனைத்து அடியில் செருகினேன். போன் செய்தேன். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

"எத்தனாவது மாடிம்மா?"

"ஏழு," என்றேன்.

என் வாயில்தான் அது வந்தது. எல்லாம் தெரிந்த பிறகும். பழக்கம் அப்படி.

கேப்டனைச் சக்கர நாற்காலியில் ஏற்றிப் பால்கனிக்குத் தள்ளினேன். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. வண்டி பின்பக்கச் சாலைக்கு வந்தது. ஆட்கள் கீழே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஏணி நிமிர்ந்து மேலே வர ஆரம்பித்தது. மேலே வந்தது, வந்தது, நின்றது. உச்சியில் ஒரு தலைக்கவசம் தெரிந்தது. எங்களுக்கு இரண்டு மாடி கீழே.

"இன்னும் ஏத்துங்க!" என்று கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகம் சின்னதாகத் தெரிந்தது. "இவ்வளவுதாம்மா! ஏழுன்னுதானே சொன்னீங்க?"

பின்னால் கதவுக்கு அடியில் துண்டு கறுக்கத் தொடங்கியிருந்தது. நாற்பது வருடத்தில் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவை எல்லாம் மற்றவர்களுடையவை. கேப்டன் என் மணிக்கட்டைப் பிடித்தார். "போதும்," என்றார். நான் அவரை விட்டுப் போகலாம் என்று அர்த்தம். எனக்குத் தொனி தெரியும்.

கதவை யாரோ கையால் அறைந்தார்கள்.

படிக்காரி. முகத்தில் ஈரத் துணியைக் கட்டியிருந்தாள். மூன்றாம் மாடியில் பெருக்கிக்கொண்டிருந்தவள். கீழே இறங்கியிருந்தால் நூற்றுக்கும் குறைவான படிதான். இவள் மேலே ஏறியிருக்கிறாள். வரும் வழியில் ஒவ்வொரு மாடியிலும் செங்கலைக் காலால் தள்ளிப் படிக்கட்டுக் கதவுகளை மூடிக்கொண்டே வந்திருக்கிறாள். அதனால்தான் படிக்கட்டில் இன்னும் மூச்சு விட முடிந்தது. அவளுக்குப் பல் தந்தியடித்தது.

"ஏணி எட்டாதுன்னு தெரியும்க்கா. நீங்க பால்கனியிலதான் நிப்பீங்கன்னும் தெரியும். அந்தத் தாளைப் படிச்சேனே."

"நூத்தறுபத்திரெண்டு படி இவரை எப்படிடி இறக்குறது?"

"அவ்வளவு எதுக்கு? முப்பத்தாறு போதும். அவங்க ஏழு, நம்ம அஞ்சு. ஏணி அங்க நிக்குது."

நாற்பது வருடப் பயிற்சி எனக்கு. எண்ணத் தெரிந்தது அவளுக்கு.

கட்டில் மெத்தைமேல் இருந்த தடித்த போர்வையை உருவிக் கேப்டனை அதில் கிடத்தி, கைகளை நெஞ்சின்மேல் மடித்து, இரண்டு விரிப்புகளால் மார்பிலும் தொடையிலும் கட்டினேன். பால்கனியிலிருந்து, "அஞ்சாம் மாடி! உங்க ஏணிக்கு நேரா வர்றோம்!" என்று கத்தினேன். தீயணைப்புக்காரர் கையை உயர்த்தினார். கால் முன்னால், தலை பின்னால். தலைப்பக்கம் நான், கால்பக்கம் அவள். போர்வை படிகளில் வழுக்கி இறங்கும், நாம் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். சொல்வதற்கு அவ்வளவுதான்.

படிக்கட்டில் புகை மங்கலாக இருந்தது. திருப்பத்து ஜன்னல் ஒரு வெளிறிய சதுரமாகத் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அவள் குரல் மட்டும் கீழிருந்து வந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நான் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒன்பது என்றால் திருப்பம், இடது பக்கம் வளை. பதினெட்டு என்றால் ஆறாம் மாடி. என் முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை கத்தியது. கேப்டனின் இருமல் என் கைகளில் அதிர்ந்தது. "இருபத்தொண்ணு... இருபத்திரெண்டு..." அவள் குரல் உடைந்தது, ஆனால் எண் தவறவில்லை.

இருபத்தேழில் அவள் நின்றாள். "பீரோ," என்றாள்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவிலுள்ள திருப்பம். இருட்டில் கையை நீட்டினேன், இரும்பு தட்டுப்பட்டது. ஒரு போர்வை அகலத்துக்கு அங்கே இடமில்லை. எனக்கு அந்த இடத்தில் உட்கார்ந்துவிடத் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன். இனி முடியாது என்று மனத்தில் ஒரு முடிவே வந்துவிட்டது.

"தினம் இதுக்குப் பின்னாடி பெருக்குறேன்க்கா. சுவத்துப் பக்கம் ஒரு முழம் இருக்கு. ஆளைப் பக்கவாட்டுல திருப்புங்க. அப்படித் திருப்பினா அவர் ஒரு முழம் வரமாட்டார்."

திருப்பினேன். நோயாளியைப் பக்கவாட்டில் திருப்புவது நான் தினமும் பத்து முறை செய்வது, அது மட்டும் என் கைக்குத் தெரிந்தது. மூக்கு சுவரில் உரச, முதுகு பீரோவில் உரச, கேப்டன் அந்த இடுக்கில் நகர்ந்தார். "போதும்! போதும்!" என்று திட்டினார். அந்தத் திட்டைக் கேட்க எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மூச்சு இருந்தால்தானே திட்ட முடியும்.

"முப்பத்தஞ்சு. முப்பத்தாறு."

செயலாளர் ஓடிய அவசரத்தில் வீட்டைத் திறந்து போட்டிருந்தார். அவருடைய பளபளப்பான கூடத்தில் கேப்டனை இழுத்துப் போனோம். பால்கனிக் கதவுக்கு அந்தப் பக்கம் அதே தலைக்கவசம். கேப்டனை வாங்கிக் கொண்டுபோக இரண்டு பேர் இருந்தார்கள். அடுத்தது நான். திரும்பிப் பார்த்தால் படிக்காரி கூடத்தின் சுவரோடு சுவராக ஒட்டி நிற்கிறாள்.

"நீங்க போங்கக்கா. நான் படியில வர்றேன்."

"கீழ பூரா புகை. செத்துப்போவ."

"ஏணியில ஏறமாட்டேன். அவரு விழுந்ததைக் கண்ணால பார்த்தவ நான்."

அதுவரை அவள் அழவில்லை. இப்போது அழுதாள். தீயணைப்புக்காரர் அவசரப்படுத்தினார். தோளைத் தட்டிக்கொடுக்க எனக்கு நேரமில்லை. இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினேன்.

"ஏணியும் படிதாண்டி. ஒண்ணு ஒரு சாண்தான். கண்ணை மூடு. எண்ணு."

அவளுக்கு முன்னால் தீயணைப்புக்காரர் இறங்கினார், பின்னால் நான். எனக்குக் கீழே அவள் உச்சந்தலை நடுங்கிக்கொண்டே போனது. குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் சாலையில் பட்டதும் கண்ணைத் திறக்காமலே, "எழுபத்திமூணு," என்றாள். அப்படியே சாலையோரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

கேப்டன் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். நெஞ்சுச் சளி, வேறு ஆபத்தில்லை. திரும்பியதும் அவருடைய மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி, அதே கட்டடத்தின் இரண்டாம் மாடியில் வாடகைக்கு வீடு எடுக்க வைத்தேன். சாலையிலிருந்து எழுபத்திரண்டு படி. நானே எண்ணினேன், முழங்கால் வலித்தாலும்.

அளப்பவர்கள் நாடாவோடு வந்தார்கள். சாலையிலிருந்து அளந்தார்கள், வாசலிலிருந்து அளந்தார்கள், எழுதிக்கொண்டு போனார்கள். இன்னும் ஒரு முடிவும் வரவில்லை. லிஃப்டில் இன்னும் ஏழுதான் எரிகிறது.

படிக்காரி எட்டாம் நாள் வேலைக்கு வந்தாள். கரி பிடித்த சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள். வெள்ளையடிப்பதற்காகப் பீரோவை எடுத்தார்கள். அப்பாடா என்றிருந்தோம். ஒரு நாள் காலை அவள் எங்கள் புது வீட்டுக் கதவைத் தட்டினாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா. பீரோ நாலாம் மாடிக்கு வந்துருச்சு."

நான் செயலாளரிடம் பேசக் கிளம்பினேன். அவள் என் கையைப் பிடித்தாள். "வேணாம். நீங்க சும்மா கூட வாங்க, போதும்," என்றாள்.

ஐந்தாம் மாடி மணியை அவளே அடித்தாள். துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பிடித்திருந்தும் அது ஆடியது. செயலாளர் கதவைத் திறந்தார்.

"நூத்தியெட்டாவது படிக்கிட்ட உங்க பீரோ நிக்குது சார்."

"அதுக்கு?"

"அது போற வரைக்கும் நான் அங்க உக்காந்திருக்கப் போறேன் சார்."

"வேலையை விட்டுத் தூக்கிடுவேன், தெரியுமா?"

"தெரியும் சார்," என்றாள். குரல் எலிக்குஞ்சு மாதிரி இருந்தது. திரும்பி இறங்கிப் போய், பீரோவுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்துகொண்டாள். கேப்டனோடு அன்று அவருடைய மகள் இருந்ததால், நானும் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் காவலாளி என்னவென்று பார்க்க வந்தார், பார்த்துவிட்டு அவரும் உட்கார்ந்தார். "நூத்தறுபத்திரெண்டு உக்காந்தா நான் நிக்கலாமா?" என்றார். அப்புறம் ஏறி இறங்குகிறவர்கள் ஒவ்வொருவராக நின்று விசாரித்தார்கள். அன்று லிஃப்ட் பழுது, எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டியிருந்தது.

மாலை நான்கு மணிக்குச் செயலாளர் அனுப்பிய இரண்டு பேர் வந்து பீரோவைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழே, வாசலுக்கு வெளியே. அவள் எழுந்தாள். கால் மரத்துப் போயிருந்தது. பீரோ நின்ற இடத்தைப் பெருக்கினாள். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டேதான் பெருக்கினாள். பிறகு குப்பை வாளியை எடுத்துக்கொண்டு, நூற்றெட்டிலிருந்து கீழ்நோக்கி எண்ணியபடி இறங்கிப் போனாள்.